யெனிச்சேரி வீரர் நீட்டிய மலர்ச்செண்டு

ஆடவர்க்குப் பூ எதற்கு என்று கேட்பவர் நம்மில் பலர். மணநாளன்று மாப்பிள்ளையின் கழுத்தில் ஒரு மாலை விழுகிறது. நிக்காஹ் முடிந்து ஸலாம் கொடுத்து எழுந்ததும், அதைக் கழற்றி யார் கையிலாவது திணித்துவிட்டால் போதும் என்றிருக்கிறது அவருக்கு. அதன்பின் அவரிடம் எவரும் ஒரு மலரை நீட்டுவதில்லை. ஆணுக்குப் பூச்செண்டு தருவது மேனாட்டாரிடமிருந்து வந்த பழக்கம் என்பாரும் உளர். அது ஆண்மைக்கு இழுக்கு என்பாரும் உளர். வரலாறு இவ்விரண்டு கூற்றுக்கும் இடந்தரவில்லை.

1554ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவிலிருந்து ஒரு தூதர் துருக்கி நோக்கிப் புறப்பட்டார். பெர்டினாண்டு மன்னரின் பிரதிநிதியாக சுல்தான் சுலைமானைக் காணச் சென்ற புஸ்பெக் என்பவர் அவர். வழியில் உதுமானியர் ஆட்சியிலிருந்த புடா நகரில் தங்கினார். அங்கே யெனிச்சேரிப் படைவீரர்கள் அவரைக் காண வந்தார்கள். ஐரோப்பிய அரசுகள் பெயர் கேட்டாலே அஞ்சிய படை அது. அவ்வீரர்கள் நடந்துகொண்ட விதத்தைப் புஸ்பெக் தம் கடிதத்தில் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலும் இருவர் இருவராக வருவார்கள். தலை தாழ்த்தி வணங்குவார்கள். விரைந்து வந்து தூதரின் அங்கியையோ கையையோ தொட்டு, நர்கிஸ் மலரோ சும்புல் மலரோ கொண்ட செண்டு ஒன்றை அவர் கையில் வைப்பார்கள். பின்பு வாயிலருகே சென்று, மார்பின்மேல் கைகட்டி, பார்வையை நிலத்தில் பதித்து மௌனமாக நிற்பார்கள். முன்பே சொல்லப்படாதிருந்தால், இவர்களைத் துறவிகள் என்றே எண்ணியிருப்பேன் என்பது அவர் வாக்கின் கருத்து.

பயணத்தின் பிற்பகுதியிலும், குளிர்காலமாயிருந்தும், பூக்கள் அவரைத் தொடர்ந்தன. துலிப் மலரைப் பற்றியும் அங்கேதான் எழுதுகிறார். துருக்கியர் அதனை 'லாலே' என்பர். தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லை இவர் மலரின் பெயராகப் பிழைபட விளங்கிக்கொண்டார் போலும்! பிழையே நிலைத்துவிட்டது. கிடைத்த பூ ஒவ்வொன்றுக்கும் வெள்ளிக்காசு தர வேண்டியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே இதனை முற்றிலும் கைம்மாறு கருதாத அன்பென்று நாம் உயர்த்திப் பேச வேண்டியதில்லை. எனினும், காசு பெற விரும்பிய போர்வீரனுக்கும் ஓர் ஆணிடம் நீட்டத் தக்க பொருளாகத் தோன்றியது மலரே என்பது கவனிக்கத் தக்கது.

இவ்வழக்கத்தின் வேர் ஆழமானது. நறுமணச் செடியொன்று அன்பளிப்பாகத் தரப்பட்டால் அதனை மறுக்க வேண்டாம், அது சுமக்க எளியது, மணமும் இனியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. நபித்தோழர் கேட்ட அறிவுரை இது. இதில் ஆண், பெண் என்ற பிரிவினையே இல்லை.

1453இல் கான்ஸ்டாண்டினோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மதுவின் ஓவியம் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் உள்ளது. 1480ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்டது. அதில் சுல்தான் வாள் ஏந்தவில்லை. ஒரு ரோஜாவை நாசியருகே பிடித்து முகர்ந்துகொண்டிருக்கிறார். அவர் கட்டைவிரலிலோ, நாணிழுக்கும் வில்லாளி அணியும் வளையம்! வீரத்துக்கும் மலருக்கும் பகை இருப்பதாக அக்கால ஓவியர் கருதவில்லை.

தமிழர்க்கும் இது புதுமையன்று. போருக்குச் செல்லும் வீரர்க்கு அரசன் பூ வழங்கியதையும், பாணர்க்குப் பொன்னால் செய்த தாமரையைப் பரிசளித்ததையும் புறநானூறு படித்தோர் அறிவர்.

மலர் மோகம் எல்லை மீறிய காலமும் உண்டு. சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆட்சியில், 1718 முதல் 1730 வரையிலான ஆண்டுகளைப் பிற்கால வரலாற்றாசிரியர் 'லாலே காலம்' என்றே பெயரிட்டனர். அரிய துலிப் கிழங்குகளின் விலை ஏறிக்கொண்டே போக, அரசே விலைவரம்பு விதிக்க நேர்ந்தது. 1730இல் பத்ரோனா கலீலின் கிளர்ச்சி வெடித்தது. பிரதம வசீர் இப்ராஹீம் பாஷா கொல்லப்பட்டார். சுல்தான் அரியணை துறந்தார். கிளர்ச்சிக்கு ஈரானியப் போரின் தோல்வி முதலிய காரணங்களும் இருந்தன. பழி முழுவதையும் பூவின்மேல் சுமத்துவது எளிது, ஆனால் சரியன்று.

முந்தைய நூற்றாண்டுகளின் அளவறிந்த சுவையை வைத்தே இவ்வழக்கத்தை எடைபோட வேண்டும். சுலைமான் கவிஞருமாவார், 'முஹிப்பி' என்பது அவர் புனைபெயர். அவருடைய கவிதைத் தொகுப்பின் பிரதியொன்றை அரண்மனை ஓவியர் தலைவர் கரா மெமி, ரோஜா, லாலே, சும்புல் எனத் தோட்டத்து மலர்களால் ஏடுதோறும் அணிசெய்தார். அப்பிரதி 1566ஆம் ஆண்டினது. அதே ஆண்டு செப்டம்பரில், ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது, எழுபது வயதைக் கடந்த சுல்தான் போர்ப்பாசறையிலேயே வஃபாத்தானார்.