ஓவியமே காணி உறுதி

காணி ஒன்றுக்கு உரிமை கோருவோன் அதற்குரிய உறுதியைக் காட்டவேண்டும் என்பது நாமறிந்த சட்ட மரபு. எழுத்து வழக்கற்றிருந்த மக்கட் கூட்டமொன்று எதனைக் காட்டும்? அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

இம்மக்களின் மரபில் ஓவியம், கண்ட காட்சியை அழகுறத் தீட்டுவதோடு அமைவதன்று. மூதாதையர் நடந்து உருவாக்கிய இடங்களையும், அவற்றைப் பேணும் பொறுப்பு எக்குலத்தாருக்குரியது என்பதையும் அது உணர்த்தும். ஒரு குலத்துக்குரிய கோலத்தைத் தீட்டும் உரிமை யாவர்க்கும் இல்லை. ஆகவே, ஓரிடத்தை வரைதல் அவ்விடத்தோடு தனக்குள்ள உறவைச் சாற்றுதலுமாகும்.

1963ஆம் ஆண்டில், வட ஆள்புலத்தின் ஆர்னெம் லாந்துப் பகுதியில் 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலத்தை, அங்கு வாழ்ந்த யொல்ங்கு மக்களின் சம்மதம் பெறாமலே பொக்சைற் அகழ்வுக்கென அரசாங்கம் ஒதுக்கியது. யிர்க்காலாவைச் சேர்ந்த அம்மக்கள் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுச் செய்த விண்ணப்பங்களை மரப்பட்டைகளில் ஒட்டி, சுற்றிலும் தம் குலக் கோலங்களைத் தீட்டிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். விசாரணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டதாயினும் அகழ்வு தடைப்படவில்லை. பின்னர் அவர்கள் தொடுத்த வழக்கில், 1971இல் தீர்ப்பளித்த நீதியரசர் பிளக்பேர்ண், அம்மக்களிடம் செம்மையான சட்ட ஒழுங்கொன்று உண்டென ஏற்றுக்கொண்டார்; ஆயினும் அது அவுஸ்திரேலியச் சட்டம் அறிந்த சொத்துரிமையாகாது என வழக்கைத் தள்ளினார். அத்தோல்வியின் பின் எழுந்த கோரிக்கைகளும் விசாரணையும் வட ஆள்புலத்துக்கான 1976ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்துக்கு வழிகோலின. 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பு பூர்வீக உரிமையை நாடு முழுவதற்கும் ஏற்றது. அதற்கான சட்டம் 1993இல் இயற்றப்பட்டது.

எனினும், உரிமையை நிறுவும் சுமை அம்மக்கள் மீதே இருந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பெரும் மணற் பாலைவனத்துக்குரிய மக்கள், ஆங்கிலத்தில் தம் உறவை விளக்க இயலாத நிலையில், 1997இல் ஏறத்தாழ 80 சதுர மீற்றர் பரப்புள்ள துணியொன்றைத் தரையில் விரித்தனர். நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடி, தத்தமக்குரிய வற்றா நீர்நிலைகளை அதிலே தீட்டினர். பூர்வீக உரிமைத் தீர்ப்பாயத்தின் முன்னிலையில் ஒவ்வொருவரும் தாம் வரைந்த பகுதியின் மேல் நின்று, தம் மொழியிலே சாட்சியம் அளித்தனர். 'ங்குர்ராரா' எனும் அவ்வோவியம் அவ்வாறு சான்றாக முன்வைக்கப்பட்டது. 2007இல் 70,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலத்தில் அவர்தம் உரிமை ஏற்கப்பட்டது.

ஓவியம் மட்டுமே இவ்வெற்றியை ஈட்டியது எனல் பொருந்தாது. சட்டம் மாறியிருக்கவேண்டியிருந்தது, அதன் பின்னரும் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது, அதற்கிடையில் தீட்டியோர் சிலர் மறைந்துமிருந்தனர். ஆயினும் 1963இன் மரப்பட்டையும் 1997இன் துணியும் கூறியது ஒன்றே. மாறியது கேட்போரின் செவியாகும். எழுத்தாவணங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளப் பழகிய வரலாற்று மாணவராகிய நாம், கோலத்தையும் பாட்டையும் ஆடலையும் 'கலை' என ஒதுக்கிவைக்குமுன், அவை எவருடைய உறுதிகள் என வினவுதல் தகும்.