சுவரில் இருக்கிற சோழமண்டலம்

அறைக்குப் பெயின்ற் அடிக்கப் போறன், கடும் மண்ணிறம் எண்டு சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். "உனக்கென்ன விசரே பிள்ளை, குசினிச் சுவர் புகை பிடிச்ச மாதிரி இருக்கும்" எண்டு அம்மா சொல்லுவா. வெள்ளை, கிறீம், கூடிப்போனால் இளம்பச்சை. இதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச சுவர். மண்ணிறம் கதவுக்கும் யன்னலுக்கும் மட்டும்தான்.

ஆனால் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரிகிற இந்த மண்ணிறத்தைச் சுவருக்குப் பூசுவதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றில் எங்கள் பக்கத்துக் கடலின் பெயரும் இருக்கிறது.

பில்லி பால்ட்வினிலிருந்து தொடங்கலாம். 1903இல் பிறந்த அமெரிக்க உள்ளலங்காரக்காரர். நியூயோர்க்கில் பெரும் பணக்காரருடைய வீடுகளை அலங்கரித்தவர். அவர் குடியிருந்ததோ ஒரேயொரு அறை கொண்ட சின்ன வீட்டில். அந்த அறையின் சுவர்களுக்குக் கடும் மண்ணிறத்தைப் பளபளவென்று பூசினார். சின்ன அறைக்கு வெளிர்நிறம்தான் சரி என்று எல்லோரும் சொல்லுகிற காலத்தில் அதற்கு நேரெதிராகச் செய்தார். இதில் சூட்சுமம் பளபளப்புத்தான். மங்கலான கடும்நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மினுக்கமான கடும்நிறம் விளக்கைக் கண்ணாடிபோலத் திருப்பித் தரும். இரவில் அறையின் மூலைகள் எங்கே முடிகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் சின்ன அறை சின்னதாகத் தெரியாது. ஆனால் இப்படி அடிப்பதற்குச் சுவர் கண்ணாடிபோல ஒப்பரவாக இருக்கவேண்டும். பூசித் தேய்த்து, தேய்த்துப் பூசி, பல பூச்சுகள் போகவேண்டும். சுவரில் ஒரு சின்னக் குழி இருந்தாலும் மினுக்கம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படி மினுங்கும் கருமண்ணிறத்தை மேற்கத்தையர் முதலில் கண்டது பெயின்ற் வாளிக்குள் இல்லை, சீனாவிலிருந்து வந்த மடிப்புத் திரைகளில். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொரமண்டல்'. அது வேறொன்றுமில்லை, எங்கள் சோழமண்டலம்தான். போர்த்துக்கேயர் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆனது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் திரைகளில் ஒன்றுகூடச் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டதில்லை. அவை முழுக்கச் சீனத்து வேலை. பெரும்பாலும் பன்னிரண்டு பலகைகள். மரத்தின்மேல் களிமண் கலவை பூசி, அதன்மேல் ஒரு மரத்தின் பாலை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, காயவிட்டு, பிறகு உருவங்களை வெட்டியெடுத்து அந்தப் பள்ளங்களுக்குள் நிறங்களை நிரப்புவார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை கிழக்கிந்தியக் கம்பனிகளின் வணிகப் பாதையில், எங்கள் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. வாங்கினவனுக்குச் செய்தவனின் ஊர் தெரியாது. ஏற்றின ஊரின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதற்கு முதல் ஜாவாவிலிருக்கிற பாண்டம் துறைமுகத்தின் பெயரால் 'பாண்டம் வேலை' என்றும் இதைச் சொன்னார்கள். எப்படியோ சீனக் கைவினைஞனின் பெயர் மட்டும் எங்கேயும் வரவில்லை.

ஐரோப்பாவில் அந்தத் திரைகளுக்கு நடந்ததைக் கேட்டால் கொஞ்சம் கவலையாக இருக்கும். திரையாக நிறுத்தி வைத்தவர்கள் ஒரு பக்கம், துண்டு துண்டாக அறுத்துச் சுவரில் பதித்தவர்கள் இன்னொரு பக்கம். நெதர்லாந்தின் லேவார்டன் அரண்மனையில் 1695க்கு முன் இப்படியே ஓர் அறை முழுவதும் மூடப்பட்டது. அந்த அறையை இன்றைக்கும் ஆம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் பார்க்கலாம். இங்கிலாந்தில் அலுமாரி செய்யவும் அறுத்தார்கள். 1688இல் ஸ்ரோக்கர், பார்க்கர் என்ற இருவர் மெருகுப்பூச்சுப் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார்கள். படங்களைப் பார்க்காமல் அறுத்து ஒட்டுவதால் ஆக்களும் மரங்களும் தலைகீழாக நிற்கிறார்கள் என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். செய்தவனுக்கு அது ஒரு கதை. வாங்கினவனுக்கு அது வெறும் நிறம்.

சீன மரப்பாலை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியவில்லை. ஆகவே அங்கே அதைப்போலவே செய்து பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு உதவினது இந்தியாவிலிருந்து போன அரக்கு. மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. அதைச் சாராயத்தில் கரைத்து, நிறம் சேர்த்து, பூச்சுக்குமேல் பூச்சாக அடித்தார்கள். தமிழில் 'அரக்கு நிறம்' என்று ஒரு கடும் செம்மண்ணிறத்தைச் சொல்லுகிறோமே, அந்தச் சொல்லின் வேர் இதுதான்.

சரி, அப்படியென்றால் சோழமண்டலக் கரை உண்மையில் எதை அனுப்பியது? துணி. கையால் எழுதிச் சாயமேற்றின பருத்தித் துணி. அதுவும் சுவருக்குத்தான் போனது. லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், தன் மனைவியின் அறைச் சுவரை மூடுவதற்கு இப்படி ஒரு இந்தியத் துணி வாங்கியதை 1663 செப்ரெம்பரில் குறித்து வைத்திருக்கிறார்.

அந்தத் துணியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. மணற்பாங்கான நிலத்தில் வளருகிற ஒரு சின்னச் செடியின் வேர். படிகாரம் பூசின இடத்தில் அது சிவப்பாகப் பிடிக்கும். இரும்புக் கரைசல் பூசின இடத்தில் கறுப்பை நோக்கிப் போகும். இரண்டும் கலந்தால் கடும் மண்ணிறம். அதாவது, நாங்கள் தேடிப்போன அதே நிறம், ஆனால் இந்தமுறை உண்மையிலேயே எங்கள் மண்ணுக்குள்ளிருந்து.

எங்கள் மண் என்று சொல்வது சும்மா இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் சாயவேர் விளைந்தது. 1658இல் ஒல்லாந்தர் இந்தப் பகுதியைப் பிடித்த பிறகு அவர்களுக்கு வருமானம் தந்த பொருட்களில் அதுவும் ஒன்று. அந்த வேரைக் கிண்டிக் கொடுப்பது விரும்பினவர் செய்கிற தொழில் இல்லை. குறிப்பிட்ட ஒரு சாதியின்மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. வெயிலில் குனிந்து, வேர் அறாமல் மண்ணைக் கிண்டி, கணக்குப்படி அரசுக்குக் கொடுக்கவேண்டும். அவர்களை 'வேர்க்குத்தி' என்றே அழைத்தார்கள். வேலையின் பெயரே ஆக்களின் பெயராகிவிட்டது.

இப்ப ஒருக்கால் சேர்த்துப் பாருங்கோ. பாரிஸில் கொக்கோ ஷனேல் தன் வீட்டுச் சுவர்களைக் கொரமண்டல் திரைகளால் மூடினார். அது நாகரிக வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. சொல்லில் எங்கள் கரை இருக்கிறது, பொருளில் சீனத்து வேலை இருக்கிறது, பெருமையோ மூன்றாவது ஆளுக்கு. வேர் கிண்டினவர் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதற்கு ஐரோப்பியனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்களை அந்த வேலைக்குள் பிடித்து வைத்திருந்த சாதி எங்களுடையது. இண்டைக்கும் 'எங்கட கடல் வாணிபம்' எண்டு பெருமையாகக் கதைக்கிற நாங்கள் அவர்களைப் பற்றி எத்தினை தரம் கதைச்சிருக்கிறம்?

கடும் மண்ணிறத்தை ஊத்தை நிறம், புகை நிறம் எண்டு சொல்லுறதும் மண்ணில் வேலை செய்தவரைப் பார்த்த பார்வையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை எண்டுதான் எனக்குப் படுகிறது. அதே நிறம் வெளிநாட்டுச் சஞ்சிகையில் மினுங்கினால் வடிவு எண்டு சொல்லுவம்.

சுவருக்கு அந்த நிறத்தை அடிக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனால் வன்பொருள் கடையில் நிற அட்டையைத் திருப்பேக்குள்ள, கடைசிப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கடும் மண்ணிறத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கோ. மன்னார் மணலில் குனிந்து நின்ற ஆக்களின் வேலை அந்த நிறத்துக்குள்ளயும் இருக்கு.