பெரினால், ஜார்ஜ் (1897–1965)

பாரிஸில் பிறந்து லண்டனில் மறைந்த பிரெஞ்சு ஒளிப்பதிவாளர். ரெனே கிளேரின் முதல் பேசும்படங்களால் பெயர்பெற்றவர். பிறகு லண்டனில் அலெக்சாண்டர் கோர்டாவுக்காக ‘ரெம்பிராண்ட்’ (1936) முதலிய கறுப்பு வெள்ளைப் படங்களை ஒளிப்பதிவு செய்தார். மைசூர்ச் சிறுவன் சாபு நடித்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1940) இவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது, அது வண்ணப்படம். ஆனாலும் இவரது கலையின் உச்சம் கரோல் ரீடின் ‘தி ஃபாலன் ஐடல்’ (1948) என்ற கறுப்பு வெள்ளைப் படம்தான். தூதரக மாளிகையின் மாடிப்படிக் கம்பிகளுக்கிடையே பெரியவர்களின் ரகசியங்களை எட்டிப்பார்க்கிறான் ஒரு சிறுவன். அவன் நள்ளிரவில் தெருவில் இறங்கி ஓடும்போது, ஈரத் தரையில் விளக்கொளி மின்ன, பழகிய லண்டனே பயமுறுத்துகிறது. சாப்ளினின் ‘எ கிங் இன் நியூயார்க்’ (1957) படத்துக்கும் இவரே ஒளிப்பதிவாளர். நியூயார்க் கதையானாலும் அது படமானது இங்கிலாந்தில்.