எதிரொலியைப் பெட்டியில் அடைத்த கதை

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் கருங்கல் மண்டபத்தில் நாகசுரம் ஒலித்து ஓய்ந்த பின்னரும் நாதம் சற்றுத் தங்கி நிற்கும். கல்லும் வெளியும் தாமே அளிக்கும் கொடை அது. வானொலிக் கலையகத்தின் நிலைமையோ நேர்மாறானது. பேச்சுத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக, அதன் சுவர்களை ஒலியுறிஞ்சும் பொருள்களால் மூடுவது வழக்கம். அங்கே பாட்டும் வறண்டு ஒலிக்கும். இழந்த எதிரொலியைச் செயற்கையாய் மீட்க எழுந்த முயற்சியே இன்றைய கிற்றார் ஒலிக்கருவிகளுள் பலவற்றிற்கு மூலமாயிற்று.

வழி காட்டியது ஒலிநாடா. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜெர்மானியர் அறிமுகஞ்செய்த நாடாப் பதிவுக்கருவி, போருக்குப் பின் அமெரிக்கக் கலையகங்களிற் பரவிற்று. அக்கருவியில் ஒலியைப் பதியும் முனைக்கும் மீட்டுத்தரும் முனைக்கும் இடையே சிறு தூரம் உண்டு. நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓட, முனைகள் இரண்டு அங்குலம் விலகியிருந்தால், ஒலி கால் நொடிக்குச் சற்று அதிகமாகப் பிந்திக் கேட்கும். இந்தப் பிந்துதலையே 1958இல் இலண்டனில் சார்லி வாட்கின்ஸ் 'கொப்பிகற்' என்னும் சிறு பெட்டியாக்கி விற்றார். கட்டுப்பாட்டறைப் பொறியியலாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தீர்மானித்த ஒன்று, மேடையில் நிற்பவர் கைக்கு வந்தது. 1962இல் வந்த 'மேஸ்ட்ரோ' கால்விசைப்பெட்டியோ ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்தது. அக்கரகரப்பை ஒழிக்கவே அதுவரை பாடுபட்ட பொறியியலாளர் என்ன நினைத்தனரோ!

கொழும்புக்குக் கிற்றார் புதியதன்று. பைலாப் பாட்டில் அது முன்னரே குடியேறியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாடல்களில் மின்கிற்றாரை முழங்கவைத்தார். அக்காலத்தை ஒட்டியே நித்தி கனகரத்தினமும், பின்னர் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடல்களைப் பரப்பினர். இலங்கை வானொலி அவற்றை இல்லந்தோறும் சேர்த்தது.

ஆயினும் தமிழ்ப் பாட்டுக்கு எதிரொலியால் ஓர் இடர் உண்டு. குறில் நெடிலானாற் பொருளே மாறும் மொழி இது. கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்பது இலக்கணம்; ஏறத்தாழ அதே கால அளவிலேயே பெட்டியும் ஒலியைத் திருப்பி எறிகிறது. அளவு மிஞ்சினால், முன்னெழுத்தின் நிழல் பின்னெழுத்தின்மேல் விழுந்து, பாடியது 'படு'வா 'பாடு'வா என்பது புலப்படாது. கிற்றாருக்கு அழகு சேர்ப்பது குரலுக்குப் பகையாகலாம். எல்லாவற்றையும் ஒரே தடத்தில் ஒருங்கே பதிந்த நாளில், பதிந்தபின் இதனைத் திருத்த வழியில்லை. 1957இல் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் பெற்ற எட்டுத்தடக் கருவி அந்த வழியைத் திறந்தது. குரல் ஒரு தடத்திலும் கிற்றார் மற்றொன்றிலும் நிற்க, வேண்டிய தடத்துக்கு மட்டும் எதிரொலி ஊட்டலாம்.

1983இல் வெளிவந்த 'மிடி' என்னும் பொதுமுறை வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்தது. இன்று கணினியும் கைப்பிடியளவு நெம்புகள் கொண்ட சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் ஒரு மேசையில் அடங்குகின்றன. வெள்ளவத்தை மாடிவீட்டு அறையொன்றிலும் கலையகம் அமைத்துவிடலாம். கருங்கல் மண்டபத்தின் கார்வையையும் அங்கே வருவித்துக்கொள்ளலாம். கடலோரத் தண்டவாளத்தில் புகையிரதம் கடந்து செல்லும்வரை மட்டும் பாடகர் வாய் மூடிக் காத்திருக்கவேண்டும்.