உண்ட மீனும் ஒவ்வா உடலும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதனின் உணவு வரலாறு பெரும்பாலும் பயிர், வேட்டை, வாணிபம், பஞ்சம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உண்ட உணவை உடல் ஏற்க மறுத்த வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை. நாற்பது வயது வரை இறாலும் நண்டும் உண்டு வந்த ஒருவருக்கு, ஒருநாள் அதே கறியால் மேனி தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறுமாயின், அவர் உள்ளத்தெழும் வினா ஒன்றே: நேற்றுவரை ஒத்துக்கொண்ட உணவு இன்று ஏன் ஒவ்வாது போயிற்று? இவ்வினாவுக்கு மருத்துவம் விடைதேடிய வரலாற்றில் இலங்கை வைத்தியர்கள் எழுதிய அத்தியாயமும் ஒன்றுண்டு. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்ப் பகுதி மக்களுக்கு மீன் அன்றாட உணவாகும். கடலோரத்தார் அதனைக் கரையிலேயே பெறுகின்றனர். கடலை விட்டு உள்ளே, குளத்தையும் வயலையும் சார்ந்தமைந்த பெரியமடு போன்ற கிராமங்களுக்கோ அது வெயிலினூடு பயணஞ் செய்தே வந்து சேரவேண்டும். இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னர் புலப்படும்.

உடலுக்கு ஒவ்வாத உணவைப் பற்றிய எண்ணம் நம்மவர்க்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவைப் பற்றியதே. வடபுலத்துத் தமிழர் வழக்கில் இறால், நண்டு, கத்தரிக்காய் முதலியன ‘கிரந்தி’ எனப்பட்டு, சொறியும் புண்ணும் உடையோர்க்கு விலக்கப்படுகின்றன. இம்மரபு குற்றத்தை உணவின் குணத்திலேயே கண்டது. ஒரே சட்டியில் உண்ட பலருள் ஒருவர் மட்டும் ஏன் துன்புறுகிறார் என்பதற்கு அதனால் நிறைவான விடை கூற முடியவில்லை.

குற்றம் உடலிலும் இருக்கலாம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேட்டின் கப்பலிற் சென்ற சாள்ஸ் றிஷே, போல் போற்றியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடல்வாழ் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். நாடு திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றினர். முதல்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறிதளவு நஞ்சு ஏற்றப்பட்டதும் நிமிடக் கணக்கில் இறந்தது. முதல் அறிமுகம் உடலைக் காக்கவில்லை. மாறாக, அழிவுக்கு ஆயத்தப்படுத்தியது. 1902இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காக றிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். முன்னர் உண்டதே பின்னர் ஒவ்வாமைக்கு வழிகோலலாம் என்னும் உண்மை இங்கேதான் முதலில் தெளிவாகத் துலங்கிற்று. 1906இல் வியன்னா வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்க்கே ‘அலர்ஜி’ என்னும் சொல்லை ஆக்கினார்.

அடுத்த படியில் மீனே இடம்பெற்றது எனலாம். ஜேர்மானியரான ஹைன்ஸ் கூஸ்ற்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. 1921இல் அவருடைய குருதி நீர்ப்பாயத்தைக் கார்ள் பிரவுஸ்னிற்ஸ் தம் தோலினுள் ஏற்றி, மறுநாள் அவ்விடத்திலேயே மீன்சாற்றையும் ஏற்றினார். மீன் ஒத்துக்கொள்ளும் அவருடைய தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்தது. ஒவ்வாமை குருதியிலுள்ள ஒரு பொருளால் விளைவது என்பது இதனால் உறுதியாயிற்று. ‘ஐ.ஜி.ஈ.’ என்னும் அப்பிறபொருளெதிரி 1960களின் பிற்பகுதியில் இஷிசாக்கா தம்பதியரது ஆய்வாலும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆய்வாலும் அடையாளங் காணப்பட்டது. இறாலின் முதன்மையான ஒவ்வாப்பொருள் திரோபோமயோசின் என்னும் தசைப்புரதமே என்பது 1993இல் காட்டப்பட்டது. வீட்டுத்தூசியில் வாழும் உண்ணியிலும் கரப்பானிலும் இதையொத்த புரதம் உண்டு. தூசிக்குப் பழகிய உடல் இறாலைப் பகைக்க இதுவும் ஒரு வழியாகலாம். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, உணவு ஒவ்வாமையுள்ள வளர்ந்தோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஓர் உணவேனும் வளர்ந்த பின்னரே ஒவ்வாது போயிருந்தது. அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது இறால், நண்டு முதலியவற்றின் ஒவ்வாமையே.

இவ்வாறு குற்றம் உணவிலிருந்து உடலுக்கு இடம்மாறிய நிலையில், இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு காரணத்தை இலங்கை வைத்தியர்கள் கண்டனர். 1952இல் ஐசோனியசிட் என்னும் மருந்து காசநோய்ச் சிகிச்சையிற் புகுந்தது. வெலிசறை நெஞ்சுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டொக்டர் சி. ஜி. ஊறகொட, இம்மருந்தை உட்கொண்ட நோயாளர் சிலர் சூரை மீன் உண்டதும் முகஞ் சிவந்து, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் கொண்டு துன்புறுவதை அவதானித்தார். கொட்டேகொடவுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1977இல் வெளியாயிற்று. மறுஆண்டு சேனநாயக்க, வைரவநாதன், கனகசூரியம் ஆகியோர், இவ்வாறு துன்புற்ற ஒருவருக்கு மூளைக் குருதிக்குழாய்ப் பாதிப்பும் நேர்ந்ததைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அறிவித்தனர்.

இதன் பொறிமுறை நோக்கற்பாலது. சூரை போன்ற செந்தசை மீன்களில் ஹிஸ்ரிடின் என்னும் அமினோவமிலம் மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டியின்றி வெப்பத்திற் கிடக்குமாயின், பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்ரமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமையின்போது உடலுக்குள்ளேயே வெளிப்படும் பொருளும் இதுவே. ஆதலின் அறிகுறிகள் இரண்டிலும் ஒத்திருக்கின்றன. சமைப்பதால் ஹிஸ்ரமின் அழிவதில்லை. சிறிதளவாயின் உடலின் நொதியங்கள் அதனைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்நொதியத்தைத் தடுப்பதால், வீட்டார் அனைவரும் கேடின்றி உண்ட கறியே நோயாளருக்கு நஞ்சாகிறது. ஒரே சட்டியில் உண்டவருள் ஒருவர் மட்டும் துன்புறுதலின் இது ஒவ்வாமையென்றே தோன்றும், ஆயினும் ஒவ்வாமையன்று.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. மருந்துதான் தீங்கு செய்தது என அஞ்சிக் காசநோயாளர் அதனைத் தாமே நிறுத்துவாராயின், நோய் மீளும்; மருந்துக்கு அடங்காக் கிருமியும் தோன்றலாம். மீன் முழுவதையும் விலக்குவாராயின், போசாக்கு மிக வேண்டிய காலத்தில் எளிதிற் கிடைக்கும் புரதத்தை இழப்பார். அவர் வேண்டுவது வைத்தியரின் ஆலோசனையும், சூரை போன்ற மீன்களைத் தவிர்த்தலுமே. மறுபுறம், மெய்யான ஒவ்வாமையுடையவர் அதனைக் கிரந்தியென்று எளிதாகக் கொண்டு மீண்டும் இறாலை உண்டு பார்ப்பாராயின், அட்ரினலின் ஊசி கிட்டுமுன்னே உயிர் பிரியவுங் கூடும்.

ஆகவே, உடல் உணவை மறுக்கும்போது குற்றம் உடலிலோ, மீனிலோ, மீன் கரையிலிருந்து வந்த வழியிலோ, உட்கொண்ட மருந்திலோ இருக்கலாம். பனிக்கட்டி எட்டாத வழியில் மீன் பெறும் ஊர்களுக்கு இது இன்றும் பொருந்தும். ‘நேற்றுவரை ஒத்துக்கொண்டதே’ என்ற நோயாளரின் கூற்றைப் புறந்தள்ளாது, என்ன மீன், எங்கிருந்து வந்தது, என்ன மருந்து உட்கொண்டீர் என மேலும் வினவிய வைத்தியர்களாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. எளிய மனிதரின் உணவுத் தட்டிலிருந்தும் அறிவியலின் வரலாறு எழுதப்படலாம் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.