இங்கிலாந்துச் சமயக் கல்வியில் நோக்கமும் கருவியும்: 1870 முதல் டேப்லெட் வரை

இங்கிலாந்துப் பள்ளிகளில் சமயப் பாடத்துக்கு டேப்லெட் வந்த வரலாற்றை 2010இல் ஐபேட் விற்பனைக்கு வந்ததிலிருந்து தொடங்கினால் பாதி வரலாறுதான் கிடைக்கும். அக்கருவியால் வகுப்பில் என்ன செய்ய முடியும் என்பதை, பாடத்தின் நோக்கத்தில் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே நேர்ந்த மாற்றம் தீர்மானித்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். கல்வி வாரியப் பள்ளிகளில் எந்தவொரு கிறித்தவப் பிரிவுக்கும் தனியுரிமையான வினாவிடை நூலைக் கற்பிக்கக் கூடாது என்று 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. ஆனாலும் விவிலியமே பாடமாக நீடித்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமயப் போதனையையும் அன்றாடக் கூட்டு வழிபாட்டையும் கட்டாயமாக்கியபோதும், பிள்ளைகளைக் கிறித்தவ நெறியில் வளர்ப்பதே ஆசிரியரின் பணி என்ற எண்ணம் மாறவில்லை. அந்தப் பணிக்கு ஒரு நூலும் அதை நம்பும் ஓர் ஆசிரியரும் போதும். அயலார் வழிபாட்டைக் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவர வேண்டிய தேவையே எழவில்லை.

1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயவியல் துறையை நிறுவினார். நம்பவைப்பதைவிட விளங்கவைப்பதே பள்ளியின் வேலை என்ற அவரது கருத்து, பள்ளிகள் மன்றம் 1971இல் வெளியிட்ட 36ஆம் பணித்தாளில் வலுவாக ஒலித்தது. தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்புகளில் அமர்ந்திருந்த காலம் அது. 1975ஆம் ஆண்டுப் பர்மிங்காம் பாடத்திட்டம் பல சமயங்களோடு கம்யூனிசத்தையும் சேர்த்துப் பெரும் சர்ச்சைக்குள்ளானது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், கிறித்தவத்துக்கு முதன்மை தந்தபடியே, பிற முக்கியச் சமயங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. இந்த வரிசையில் என் பார்வையில் மிக முக்கியமானது 1991இல் ஜான் ஹல், மைக்கேல் கிரிமிட் முதலிய சமயக் கல்வியாளர்கள் தொடக்கப் பள்ளிக்காக உருவாக்கிய முறை. விநாயகர் உருவத்தைப் பிள்ளைகள் முன் வைப்பார்கள், அல்லது பாங்கொலியை ஒலிக்கவிடுவார்கள். முதலில் பிள்ளை அதனிடம் நெருங்க ஒரு வழி செய்யப்படும். பிறகு, இது இன்னாருடைய வழிபாட்டுக்கு உரியது என்று உணர்ந்து விலகி நிற்கவும் திட்டமிட்டே ஒரு வழி வைக்கப்பட்டது. எந்தப் பிள்ளையையும் பிறர் வழிபாட்டுக்குள் இழுத்துவிடாமல் காத்தது இந்த இரண்டாம் அடிதான்.

டேப்லெட் முதல் அடியை வெகுவாக எளிதாக்கிவிட்டது. பாங்கொலியை ஒரு மாணவி காதொலிப்பானில் தனியே, விரும்பிய இடத்தில் நிறுத்தி, மறுபடி கேட்கலாம். முழு வகுப்பின் பார்வைக்கும் நடுவே எதிர்வினை காட்ட வேண்டிய கூச்சம் அவளுக்கு இல்லை. அருகில் குருத்வாராவோ பள்ளிவாசலோ இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு இது சிறிய உதவியன்று. புனிதமானதைத் திரை விளையாட்டுப் பொருளாக்கிவிடும் என்பது ஓர் ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது பலிபீடமும் கருவறையும் ஒரே எடையுள்ள படங்களாகிவிடுகின்றன. ஆனால் அச்சிட்ட பாடநூலின் வண்ணப் படங்களும் அதையே செய்தன. அங்கும் பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்டவர் ஆசிரியரே. நேரில் சென்று பார்ப்பதற்கு ஈடாகுமா என்பது அடுத்த ஆட்சேபம். ஈடாகாது. குருத்வாராவின் சமூகச் சமையலறையில் அமர்ந்து உண்பவருக்குக் கிடைக்கும் புரிதலைக் காணொளி தராது. எனவே பயணத்துக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தலாமே தவிர, பயணச் செலவை மிச்சப்படுத்தும் வழியாக டேப்லெட்டைக் கொள்வதை நான் ஏற்கவில்லை.

இரண்டாம் அடிக்கு, அதாவது விலகி நின்று சிந்திப்பதற்கு, கருவியில் இயல்பாக எந்த ஏற்பாடும் இல்லை. அடுத்த படத்துக்குப் போகவே அது தூண்டுகிறது. கல்வித் தொழில்நுட்பத்தை யாருடைய நிபந்தனைகளின் பேரில் ஏற்பது என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எழுப்பிய கேள்வி இப்பாடத்தில் கூர்மையாகிறது. இங்கிலாந்தின் பல பள்ளிகளில் சமயக் கல்வியை வேறு பாடங்களுக்குப் பயிற்சி பெற்றவர்களே நடத்துகிறார்கள். 1991ஆம் ஆண்டு முறையின் இரண்டாம் அடியை அறியாத ஒருவர் கையில் முப்பது டேப்லெட்டுகளைக் கொடுப்பதைவிட, அதை அறிந்த ஒருவரை ஒரே ஒரு ஒலிப்பதிவுடன் வகுப்புக்கு அனுப்புவதற்கே பள்ளியின் பணம் முதலில் செலவாக வேண்டும்.