அழகிகள் (பட்டாம்பூச்சிக் குடும்பம்)

இறக்கைப் பின்புறம் வால் நீண்ட பட்டாம்பூச்சிகள் பலவற்றைக் கொண்ட குடும்பம் 'பாப்பிலியோனிடே'. உலகெங்கும் 550-க்கும் மேற்பட்ட இனங்கள். தமிழில் 'அழகிகள்' எனப்படும் இவற்றில் இரண்டைத் திருவண்ணாமலை போன்ற வறண்ட ஊர்களிலும் எளிதாகக் காணலாம். ஒன்று சிவப்புடல் அழகி. புழுவாக இருக்கையில் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் அதைத் தொடுவதில்லை. மற்றது கறிவேப்பிலை அழகி. வில்வம், எலுமிச்சை, கறிவேப்பிலை தின்று வளரும், நஞ்சு கிடையாது. ஆனால் இதன் பெண்களில் ஒருவகை முன்னதைப் போலவே கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளுமாக வேடமிடும். வேடம் இறக்கையோடு சரி, உடல் கறுப்புதான்.

இந்த வேடம் பறவைகளை மட்டுமா ஏய்த்தது? 1758-இல் லின்னேயஸ் எல்லாப் பட்டாம்பூச்சிகளையும் 'பாப்பிலியோ' என்ற ஒரே பேரினத்தில் அடைத்து, பலவற்றுக்கு டிராய் நகர வீரர்களின் பெயரைச் சூட்டினார். சிவப்புடல் அழகி ஹெக்டர் ஆயிற்று. கறிவேப்பிலை அழகியின் பெண்ணுக்குப் பாலிட்டீஸ், ஆணுக்குப் பம்மன். இருவரும் ஹெக்டரின் தம்பிமார். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் ஏட்டில் இரு சகோதரர்களாக நின்றன! 1775-இல் கிராமர், ஹெக்டரைப் போன்ற பெண்ணைத் தனி இனமென்று கருதி ரோமுலஸ் என்றார்.

முடிச்சை அவிழ்த்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பாலிட்டீஸும் ரோமுலஸும் ஓரினத்தின் பெண் வடிவங்களே, நஞ்சுள்ள இனங்களைப் பார்த்துப் பாவனை செய்பவை என்று 1865-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். பிறகு 1910-களில் இலங்கையில் பிரையர் என்ற ஆய்வாளர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, வேடம் மரபுவழி வருவதை உறுதிசெய்தார். கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் 2014-இல் கண்டறிந்ததுதான் வியப்பு: வேடத்தை ஆள்வது 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு. பூச்சிகளில் ஆண், பெண் உடல் வேறுபாட்டை வகுப்பதும் அதுவே.

இன்றைய வகைப்பாட்டில் ஹெக்டர் 'பாக்லியோப்டா' பேரினத்துக்குப் போய்விட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மஞ்சளும் கறுப்புமான பெரிய பேர்ட்விங்தான் அதற்கு நெருங்கிய உறவு. அதன் புழுவுக்கும் ஈசுவரமூலி வகைக் கொடியே உணவு. ஹெக்டரைப் போல வேடமிடும் கறிவேப்பிலை அழகியோ அதற்குத் தூரத்துச் சொந்தம்; அது இன்னும் பாப்பிலியோவில்தான் இருக்கிறது. பம்மன் என்ற பெயர் வழக்கொழிந்தது. ரோமுலஸ் தப்பித்து, நம் பக்கத்துக் கறிவேப்பிலை அழகியின் துணையினப் பெயராக நிற்கிறது.